விமான வானொலி: மைக்கின் உணர்திறனைச் சரிசெய்வது எப்படி?

விமானச் சத்தம் என்றதும் என் வயதுக்காரருக்குப் பதுங்குகுழிதான் முதலில் நினைவுக்கு வரும். பலாலியில் 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்ட பிறகு வளரும் பிள்ளைகளுக்கு அப்படியல்ல. விமானியாகலாமா, விமானப் பராமரிப்புப் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். அந்தத் துறைக்குப் போகிறவர்கள் ஆரம்பத்திலேயே அறிய வேண்டிய ஒன்றை இங்கே தருகிறேன்.

வானொலியில் ஒரு சொல் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு 1977 மார்ச் 27 சாட்சி. ஸ்பெயினின் தெனரீப் தீவில், ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். கட்டுப்பாட்டுக் கோபுரமும் ஒரு விமானமும் ஒரே நேரத்தில் பேசியதால், மற்ற விமானத்தில் அந்த முக்கியமான சொற்கள் கீச்சொலிக்குள் அமுங்கிப்போனது காரணங்களில் ஒன்று. அங்கே பழுது மைக்கில் இல்லை. ஆனால் குரல் தெளிவில்லாமல் போவதன் விலை அதுதான்.

விமானங்களும் கோபுரமும் 118 முதல் 137 மெகாஹேட்ஸ் வரையான அலைவரிசைகளில், ஏ.எம். முறையில் பேசுகின்றன. மைக்கின் உணர்திறன் குறைந்தால் அலை போய்ச் சேரும், குரல் மட்டும் மெலிந்து கேட்கும். கூடினால் குரல் கரகரக்கும், இயந்திர இரைச்சலும் சேர்ந்து போகும்.

ஊடகக் கற்கை படித்தபோது எனக்குச் சொல்லித்தந்த முதற்பாடம், ஒலியளவைத் திருகுவதற்கு முன் மைக்கின் இடத்தைப் பார் என்பது. விமானத்தில் இது இன்னும் முக்கியம். இரைச்சல் நீக்கும் மைக்கில் முன்னும் பின்னும் துளைகள் உண்டு. இயந்திர இரைச்சல் இரு பக்கமும் ஒரேயளவாக நுழைந்து தன்னைத்தானே பெருமளவு அழித்துக்கொள்கிறது. உதட்டுக்கு அருகிலிருந்து வரும் குரல் முன்பக்கமே பலமாக நுழைவதால் தப்பிவிடுகிறது. மைக் விலகியிருந்தால் குரலும் இரைச்சலோடு சேர்ந்து அழியும். அப்போது உணர்திறனைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும்.

ஆகவே இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

1. மைக்கின் பேசும் பக்கம் உதட்டைப் பார்த்திருக்கட்டும். இடைவெளி சில மில்லிமீற்றர் போதும். பஞ்சு உறை கழன்றிருக்கக் கூடாது.

2. இயந்திரம் ஓடும்போது, கத்தாமல் இயல்பான குரலில் பேசிப் பாருங்கள்.

3. ஹெட்செட்டில் கேட்கும் உங்கள் சொந்தக் குரலை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அதன் அளவுக்குப் பெரும்பாலும் தனி அமைப்பு உண்டு. இன்டர்கொம்மின் ஸ்குவெல்ச் திருகியும் வேறு. விமானத்துக்குள் பேசாத நேரத்தில் இரைச்சலை அடைப்பதே அதன் வேலை.

4. இவ்வளவும் சரியாக இருந்தும் குறை தொடர்ந்தால் மட்டும் உணர்திறனைத் தொடுங்கள். சில ஹெட்செட்டுகளில் மைக் அருகே சிறிய திருகாணி இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். வானொலிப் பெட்டிக்குள் இருக்கும் அமைப்பை மாற்றுவது தகுதிபெற்ற தொழில்நுட்பவியலாளரின் வேலை.

5. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு 'ரேடியோ செக்' கேளுங்கள். பதில் 1 முதல் 5 வரையான எண்ணில் வரும். 1 என்றால் விளங்கவில்லை, 3 என்றால் சிரமப்பட்டு விளங்குகிறது, 5 என்றால் மிகத் தெளிவு. ஆபத்து அழைப்புக்குரிய 121.5 மெகாஹேட்ஸில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் உதவி கேட்டுக்கொண்டிருக்கலாம்.