அறிந்திருத்தல் கோட்பாடு (சொத்துச் சட்டம்)

அறிந்திருத்தல் கோட்பாடு என்பது, சொத்து ஒன்றை வாங்குபவர் அதன்மீது பிறருக்குள்ள உரிமையை அறிந்திருந்தாரா, அல்லது அறிந்திருக்க வேண்டியவரா என்பதைக் கொண்டு, அவ்வுரிமை அவரைக் கட்டுப்படுத்துமா எனத் தீர்மானிக்கும் சட்டக் கோட்பாடு ஆகும். மூன்றாம் ஒருவரின் செயலால் நேர்மையான இருவர் ஒரே சொத்துக்கு உரிமை கோரும்போது, இழப்பு யாரைச் சேரும் என்ற வினா இதில் அடங்கியுள்ளது.

தோற்றம்

இக்கோட்பாடு இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றத்தில் வளர்ந்தது. உரிய விலை கொடுத்து, நல்லெண்ணத்துடன், பிறர் உரிமையை அறியாமல் சொத்தின் சட்ட உரிமையைப் பெற்றவரை அந்நீதிமன்றம் பாதுகாத்தது. 1872 ஆம் ஆண்டின் பில்ச்சர் எதிர் ராலின்ஸ் வழக்கு இதற்கு முக்கிய முன்னுதாரணமாகும்.

இந்தியச் சட்டத்தில்

சொத்து மாற்றுச் சட்டம், 1882 இன் 3 ஆம் பிரிவு இருவகை அறிவைக் குறிப்பிடுகிறது.

* நேரடி அறிவு: ஒருவர் ஒரு செய்தியை உண்மையிலேயே அறிந்திருத்தல்.
* ஊக அறிவு: செய்யவேண்டிய விசாரணையை வேண்டுமென்றே தவிர்த்ததாலோ, பெரும் கவனக்குறைவாலோ அறியாதிருத்தல். இவரையும் அறிந்தவராகவே சட்டம் கருதும்.

பத்திரப் பதிவு அறிவுக்குச் சமமாகுமா என்பதில் உயர் நீதிமன்றங்களிடையே கருத்து வேறுபாடு நிலவியது. 1929 ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று விளக்கங்களைச் சேர்த்து இதற்குத் தீர்வு கண்டது.

1. பதிவு கட்டாயமான ஆவணம் முறையாகப் பதிவாகி, அட்டவணையிலும் சேர்க்கப்பட்டிருந்தால், பின்னர் அச்சொத்தை வாங்குபவர் அதனை அறிந்தவராவார்.
2. சொத்தை நேரடி அனுபவத்தில் வைத்திருப்பவரின் உரிமையை வாங்குபவர் அறிந்தவராவார்.
3. முகவர் தம் பணியின்போது அறிந்த முக்கியச் செய்தி, பொதுவாக அவரை நியமித்தவரும் அறிந்ததாகக் கொள்ளப்படும்.

எடுத்துக்காட்டு

'அ' என்பவரின் வீட்டில் 'ஆ' வாடகைக்குக் குடியிருக்கிறார். அவ்வீட்டையே வாங்க முன்பணம் கொடுத்து, பதிவு செய்யாத கிரய ஒப்பந்தமும் செய்துள்ளார். இதனை மறைத்து 'அ' வீட்டை 'இ' என்பவருக்கு விற்கிறார். வில்லங்கச் சான்றிதழ் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும் என்பதால் அதில் இவ்வொப்பந்தம் இல்லை. 'ஆ' வெறும் வாடகைதாரர் என எண்ணி 'இ' எதுவும் விசாரிக்கவில்லை.

'இ' உண்மையில் ஒன்றும் அறியாதவரே. ஆயினும் குடியிருப்பவரிடம் கேட்டிருந்தால் ஒப்பந்தம் தெரிந்திருக்கும் என்பதால், அவருக்கு ஊக அறிவு உண்டு. எனவே குறித்தவகைப் பரிகாரச் சட்டம், 1963 இன் 19 ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தை 'இ' மீதும் நிறைவேற்றுமாறு 'ஆ' கோரலாம். வாடகைதாரருக்கு வேறு உரிமை ஏதும் உண்டா எனக் கேட்டறிவது வாங்குபவரின் கடமை என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டில் உறுதி செய்தது.

வரம்புகள்

எல்லாச் சொத்துப் பிணக்குகளும் இக்கோட்பாட்டால் தீர்வதில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 52 ஆம் பிரிவின்படி, நிலுவையிலுள்ள வழக்கில் உரிமை நேரடியாகக் கேள்விக்குள்ளான சொத்தை வாங்குபவரை, அவர் வழக்கை அறியாதிருந்தாலும், அதன் தீர்ப்பு பொதுவாகக் கட்டுப்படுத்தும்.

இவற்றையும் பார்க்க

* வில்லங்கச் சான்றிதழ்
* பத்திரப் பதிவு
* கிரய ஒப்பந்தம்