தஞ்சைப் படையெடுப்பும் காரைக்கால் கரையும்

போர்க்காலத்தில் படைத்தலைவனின் சொல் பெரிதா, ஆட்சிப்பீடத்தில் அமர்ந்திருப்போரின் சொல் பெரிதா? பழமையான இவ்வினாவுக்கு விடை தேடிப் பிறநாட்டு வரலாறுகளைப் புரட்ட வேண்டியதில்லை. அரசலாறு கடலோடு கலக்கும் நம் காரைக்காலே சான்று பகரும்.

1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான இவ்வூருக்கு, 1758ஆம் ஆண்டின் நடுவில் பசித்த படையொன்று வந்து சேர்ந்தது. அதன் தலைவர் லாலி. ஏழாண்டுப் போரின்போது பிரெஞ்சு மன்னரால் அனுப்பப்பெற்று, ஏப்ரல் இறுதியில் புதுச்சேரியில் இறங்கி, ஜூன் தொடக்கத்திலேயே கடலூரை அடுத்த புனித தாவீது கோட்டையைக் கைப்பற்றியவர். அடுத்த இலக்கு சென்னை என்பதே அவர் எண்ணம்.

ஆனால் கடற்படைத் தலைவர் தாஷே உடன்வர மறுத்தார். ஆளுநர் லெரியின் தலைமையில் இயங்கிய புதுச்சேரி ஆலோசனைச் சபையோ பணமில்லை என்று கைவிரித்தது. அவ்வேளையில் தஞ்சை மன்னர் சந்தா சாகிபுக்கு முன்பு எழுதிக்கொடுத்த 56 லட்சம் ரூபாய்க் கடன்பத்திரம் நினைவூட்டப்பட்டது. அதை வசூலிக்கத் தஞ்சைக்குச் செல்லுமாறு தூண்டியவர்களுள் இயேசு சபைத் தலைவர் லவோர் அடிகளாரும் ஒருவர். போரின் திசையைக் கருவூலம் தீர்மானித்தது.

விளைவு என்ன? உணவும் வண்டிமாடும் இன்றிப் படை நடந்தது. கீழ்வேளூரில் கோயில் அந்தணர் சிலரை ஒற்றர் என ஐயுற்றுப் பீரங்கி வாயில் வைத்துக் கொன்றார் லாலி. தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டபோது வெடிமருந்து தீரும் நிலைக்கு வந்தது. ஆகஸ்டு 3இல் தாஷே கடற்போரில் பின்வாங்கினார். காரைக்காலுக்கு ஆங்கிலேயரால் ஆபத்து என்ற செய்தியும் வந்தது. முற்றுகை கைவிடப்பட்டது.

குற்றம் சபையினுடையது மட்டும்தானா? அன்று. சபையினரின் ஊழலை ஒடுக்கும் பொறுப்பும் லாலியிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது. தண்டிக்க வேண்டியவர்களிடமே அவர் தளவாடங்களுக்குக் கையேந்த நேர்ந்தது. குடிமை அதிகாரத்தையும் கையிலெடுத்த அவர், புதுச்சேரி மக்களைச் சாதி வேறுபாடு பாராது சுமை இழுக்கக் கட்டாயப்படுத்தி, அவர்களின் வெறுப்பையும் தேடிக்கொண்டார். அரசியல் போருக்குள் புகுந்தது. போர் அரசியலுக்குள் புகுந்தது. எல்லை இரு பக்கமும் அழிந்தது.

1760 ஏப்ரலில் காரைக்கால் வீழ்ந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரியும் சரணடைந்தது. பழி முழுவதும் லாலியின்மீது விழுந்தது. இறந்துபோன லவோர் அடிகளாரின் குறிப்புகளும் அவருக்கெதிரான சான்றாயின. 1766 மே 9இல் பாரிசு நகரில் அவர் தலை வெட்டப்பட்டது. வால்ட்டேர் முதலானோர் அவருக்காக வாதாட, 1778இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது.

போர் வேண்டுமா, எதற்காக வேண்டும் என்று முடிவு செய்வது ஆட்சியாளரின் கடமை. எவ்வாறு நடத்துவது என்பது படைத்தலைவரின் பொறுப்பு. எனினும் நோக்கத்தை மறைத்து அனுப்புகிறவர்களும், கருவி தராமல் ஏவுகிறவர்களும், தோல்வி வந்ததும் கைகழுவிக் கொள்கிறார்கள். லாலிக்காவது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நீதி கிடைத்தது. கீழ்வேளூரில் மாண்டவர்களுக்காக எந்த நீதிமன்றமும் கூடவில்லை.