கிரீன்லாந்து நோர்ஸ் குடியேற்றங்கள்

ஐஸ்லாந்திலிருந்து நாடு கடத்தப்பட்ட எரிக் என்பவரின் தலைமையில் 985ஆம் ஆண்டளவில் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் தொடங்கி, 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மறைந்துபோன வைக்கிங் வழிவந்தோரின் குடியிருப்புகள். தெற்கே கிழக்குக் குடியேற்றமும், அதற்கு வடக்கே இன்றைய நூக் நகரை ஒட்டி மேற்குக் குடியேற்றமுமாக இரண்டு இருந்தன. சூழல் நெருக்கடியில் சமூகங்கள் ஏன் அழிகின்றன என்ற விவாதத்தில் இவை தவறாமல் எடுத்துக்காட்டப்படுகின்றன.

வந்தவர்கள் மாடும் ஆடும் வளர்த்தார்கள். கோடையில் அறுத்துக் காயவைத்த புல்தான் நீண்ட குளிர்காலத்துக்குத் தீவனம். புல் குறைந்தால் தொழுவத்தில் மாடுகள் எலும்பும் தோலுமாகும். இரும்பு, மரம் போன்றவற்றுக்கு ஐரோப்பாவை நம்பியிருந்தார்கள். அதற்கு ஈடாக வடக்கே போய் வேட்டையாடிய வால்ரஸ் தந்தங்களை அனுப்பினார்கள். 12ஆம் நூற்றாண்டில் கிழக்குக் குடியேற்றத்தின் கார்தாரில் ஆயர் பீடம் அமைந்தது; 1261இல் நார்வே மன்னரின் ஆட்சியை ஏற்றார்கள்.

பின்னர் குளிர் கூடியது, கடலில் பனிக்கட்டி பெருகியது, யானைத் தந்தம் ஐரோப்பியச் சந்தையைப் பிடித்தது. 1349இல் நார்வேயைக் கொள்ளைநோய் உலுக்கியது. மேற்குக் குடியேற்றம் 14ஆம் நூற்றாண்டிலேயே வெறிச்சோடியது. அங்குள்ள ஒரு பண்ணையின் கடைசிக் காலக் குப்பையில் மாட்டுக் குளம்புகளும், வெட்டுத் தழும்புள்ள வேட்டைநாய் எலும்புகளும் கிடைத்தன. கறவை மாட்டையும் வளர்த்த நாயையும் அறுத்துத் தின்னும் அளவுக்கு அங்கே பசி முற்றியிருந்தது.

ஜாரெட் டயமண்ட் 2005இல் வெளியிட்ட ‘கொலாப்ஸ்’ நூலில், ஐரோப்பிய வாழ்முறையை விடாப்பிடியாகப் பற்றியிருந்ததும் கிரீன்லாந்தில் வாழ்ந்த இன்யூட் மக்களிடம் கற்க மறுத்ததும் முக்கியக் காரணங்கள் என்றார். இதில் பாதி உண்மைதான். பனித்துளை வழியே சீல் வேட்டையாட இன்யூட் மக்கள் கையாண்ட எறியீட்டிகள் நோர்ஸ் பண்ணைகளில் கிடைக்கவில்லை. 1921இல் ஹெர்யோல்ஸ்நெஸ் கல்லறைகளிலிருந்து தோண்டியெடுத்த கம்பளி உடைகளில், நீண்ட வால் தொங்கும் ஐரோப்பிய பாணி முக்காடுகள் இருந்தன. ஆனால் அந்த மக்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது அநியாயம். எலும்புகளின் வேதியியல் ஆய்வின்படி, அவர்கள் உணவில் கடல்சார் பங்கு தொடக்கத்தில் சுமார் 20 விழுக்காடு. இறுதிக் காலத்தில் 80 விழுக்காடு வரை. உண்ணும் சோற்றையே மாற்றிக்கொண்டவர்களை மாறத் தெரியாதவர்கள் என்று எப்படிச் சொல்வது? 2022இல் வந்த ஏரிப்படிவு ஆய்வொன்று குளிரைவிட வறட்சியே புல்லை வாட்டியது என்கிறது. அவர்கள் கைக்கு எட்டாததாக இருந்தது தந்தத்தின் விலையும் கப்பல்களின் வரத்தும்.

பெரும் கொலைக்களத்துக்கோ கூட்டச் சாவுக்கோ கிழக்குக் குடியேற்றத்தில் தடயமில்லை. இளையவர்கள் சிறிது சிறிதாக வெளியேறியிருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கிருந்து கிடைக்கும் கடைசி எழுத்துச் செய்தி, 1408 செப்டம்பரில் வால்சே தேவாலயத்தில் நடந்த ஒரு திருமணம். மணமக்கள் பிறகு ஐஸ்லாந்தில் குடியேறினார்கள். அத்திருமணத்துக்குச் சாட்சி சொல்லும் ஆவணங்களில் சில அங்கே எழுதப்பட்டன.