ஊரைச் சுற்றிய பசுமையும் ஊருக்குள் ஒரு வீடும்



தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒன்றை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வேலை உள்ளவரைதான் லயத்து வீடு. பேர் வெட்டப்பட்டால் வீடும் போயிற்று. இந்த வழக்கம் பால்மரக் காட்டில் மட்டுந்தான் இருந்ததா? இல்லை. நம் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார்களின் சொந்த நாடான இங்கிலாந்திலேயே, வயல் வேலை செய்த ஏழைகள் பலர் இதே கயிற்றில்தான் கட்டுண்டிருந்தார்கள். அவர்களுடைய வீட்டுக் கதை, கிராமங்களைச் சுற்றியுள்ள நிலத்தைக் காக்க எழுந்த விதிகளோடு பின்னிக் கிடக்கிறது. அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

நகரம் பெருத்தால் வயலை விழுங்கும் என்ற அச்சம் மிகப் பழையது. 1580ஆம் ஆண்டில் முதலாம் எலிசபெத் அரசியார், லண்டன் நகர வாயில்களிலிருந்து 3 மைல் தூரத்துக்குள் புதிய வீடு எழுப்பக் கூடாது என்று ஆணையிட்டார். ஆணை ஏட்டில் இருந்தது. வீடுகளோ எழுந்துகொண்டே இருந்தன!

பிறகு 1898இல், சுருக்கெழுத்து எழுதிப் பிழைத்த எபனேசர் ஹோவர்ட் என்பவர் ஒரு நூல் வெளியிட்டார். 6,000 ஏக்கர் நிலத்தில் 1,000 ஏக்கரில் மட்டும் நகரம், மீதி 5,000 ஏக்கரும் அதைச் சுற்றி விளைநிலம் என்பது அவர் கண்ட கனவு. ஆனால் இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் நடந்தது வேறு. மோட்டார் வண்டி வந்ததும், சாலையின் இரு புறமும் மணி கோத்தாற்போல் வீடுகள் நீண்டன. 1938இல் வந்த சட்டம், லண்டனைச் சுற்றியுள்ள நிலத்தை விலைக்கு வாங்கித் திறந்தவெளியாகவே வைத்திருக்க வழி செய்தது. எவ்வளவு நிலத்தைத்தான் வாங்க முடியும்? 1947ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்த்தது. சொந்த நிலமே ஆனாலும், கட்டடம் எழுப்ப ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும் என்றாயிற்று. 1955இல் அமைச்சர் டங்கன் சாண்டிஸ், பெருநகரங்களைச் சுற்றிப் பசுமை வளையம் வகுக்கும்படி மன்றங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். இன்று இங்கிலாந்தின் நிலத்தில் நூற்றுக்குப் 12 பங்குக்குமேல் இத்தகைய வளையங்களுக்குள் அடங்கியிருக்கிறது.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். வளையத்துக்குள் வயலும் காடும் மட்டுமா இருந்தன? பழைய கிராமங்களும் இருந்தன. அங்கும் பிள்ளைகள் வளர்வார்கள், திருமணம் நடக்கும், தனிக்குடித்தனம் போக வீடு தேவைப்படும். வெளியே கட்டக் கூடாதென்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

இதற்காக ஏற்பட்டதுதான் 'இடைவெளி நிரப்புதல்' என்னும் முறை. ஒரு தெருவில் வரிசையாக வீடுகள். நடுவே பல் விழுந்த இடம்போல ஒரு காலி மனை. அந்த மனையில் ஒன்றோ இரண்டோ வீடு கட்டிக்கொள்ளலாம். தெருவின் கடைசி வீட்டைத் தாண்டி வயலுக்குள் கால் வைக்கக் கூடாது. கேட்பதற்கு நியாயமான விதிதான். ஆனால் அந்த ஒரு மனையை வாங்கியவர் யார்? காலையில் ரயிலேறி லண்டன் அலுவலகத்துக்குப் போய் மாலையில் திரும்பும் வசதிக்காரர். ஹார்ட்ஃபோர்டுஷயர் கிராமங்களில் இப்படி வந்து குடியேறியவர்களைப் பற்றி ரே பால் என்ற அறிஞர் 1965இல் ஒரு நூலே எழுதினார். சுற்றிலும் என்றைக்கும் பசுமை என்று அரசே உறுதி சொன்ன ஊரில் மனை விலை ஏறாமல் இருக்குமா?

வயல் தொழிலாளிக்கு முதலாளியின் வீடுதான் கதி. பாதுகாத்த நிலத்தில்கூட, விவசாய வேலைக்குத் தேவை என்று காட்டினால் வீடு கட்ட அனுமதி கிடைத்தது. விவசாய வேலை செய்பவரே அதில் குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதலாளி கொடுத்த வீடென்றால் வேலை போனதும் மூட்டை கட்ட வேண்டும். இதை எதிர்த்து விவசாயத் தொழிலாளர் சங்கம் நெடுங்காலம் போராடியது. 1976இல் தனிச் சட்டம் பிறந்தது. வேலை நின்றாலும் குடும்பத்தைத் தெருவில் தள்ள முடியாது. புதிய ஆளுக்கு அந்த வீடு உண்மையிலேயே வேண்டுமென்றால், பழைய குடும்பத்துக்கு மாற்று வீடு தேடித்தர ஊராட்சி மன்றம் முயல வேண்டும். அரசியின் ஆணை, அமைச்சரின் சுற்றறிக்கை எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பெரிதாகப் படுவது இந்தச் சட்டந்தான்.

அடுத்து ஒரு திருப்பம். 1980ஆம் ஆண்டுச் சட்டம், மன்றத்து வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ள உரிமை தந்தது. வாங்கியவர்களுக்கு நன்மைதான்; மறுக்கவில்லை. ஆயினும் சின்னஞ்சிறு கிராமத்தில் இருந்ததே சில வீடுகள். நாளடைவில் அவற்றில் பல வெளியார் கைக்குப் போயின.

ஆகவே 1991 வாக்கில் விதிக்கு ஒரு விலக்கு வகுத்தார்கள். சாதாரணமாக அனுமதி கிடைக்காத ஊரோர நிலத்தில், உள்ளூர்க்காரர்களுக்காக மட்டும் சில வீடுகள் கட்டலாம். வேறு எவரும் அங்கே கட்ட முடியாதாகையால் நிலத்தை மனை விலை கொடுக்காமல் ஏறக்குறைய வயல் விலைக்கே வாங்கலாம். அதனால் வாடகையும் குறையும். 1995இல் திருத்தி வெளியிட்ட பசுமை வளைய வழிகாட்டியில், கிராமத்துக்குள் அளவான இடைவெளி நிரப்புதலும், உள்ளூர் மக்களுக்கு அளவான மலிவு வீடுகளும் பக்கத்திலேயே இடம்பெற்றன. 2012இல் எல்லாத் திட்ட விதிகளையும் சுருக்கி எழுதியபோதும் அவ்விரண்டையும் நீக்கவில்லை.

இத்தகைய வீடுகளில் ஒரு குடும்பம் காலி செய்தால், அடுத்த சாவி அந்த ஊரில் பிறந்தவருக்கோ, அங்கே வேலை செய்பவருக்கோ, அங்கே உறவினர் உள்ளவருக்கோதான் முதலில் போகும்.