தென்னாப்பிரிக்காவில் காந்தியின் இறுதி நாட்கள்

1893-இல் ஒரு வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தி, 21 ஆண்டுகளுக்குப் பின் 1914 ஜூலையில் அந்நாட்டை விட்டுப் புறப்பட்டார். ஒப்பந்தத் தொழிலாளரை வாட்டிய 3 பவுன் வரியை நீக்கிய இந்தியர் நிவாரணச் சட்டம் அப்போதுதான் நிறைவேறியிருந்தது.

ஊர்தோறும் பிரிவுபசாரக் கூட்டங்கள் நடந்தன. ஜூலை 15 அன்று ஜொகனஸ்பர்க்கில், சிறைவாசத்தால் நோயுற்று விடுதலையானதும் உயிர்நீத்த நாகப்பன் (1909), தில்லையாடி வள்ளியம்மை (1914) ஆகியோரின் நினைவுக்கற்கள் திறக்கப்பட்டன. அந்நிகழ்வில் காந்தி கலந்துகொண்டார். அன்றே தமிழர்கள் அளித்த வரவேற்பில், இரத்த உறவினரைக் காண வந்ததுபோல் உணர்வதாகவும், போராட்டத்தின் பெரும்பாரத்தைச் சுமந்தவர்கள் தமிழரே என்றும் கூறினார்.

ஜூலை 18-இல் கஸ்தூர்பா, கல்லன்பாக் ஆகியோருடன் கேப்டவுனில் கப்பலேறினார். லண்டன் வழியாக 1915 ஜனவரி 9-இல் பம்பாய் வந்தடைந்தார். வள்ளியம்மைக்கு அந்தப் பயணம் வாய்க்கவில்லை; போராடிய மண்ணிலேயே 16 வயதில் அவர் அடக்கமானார்.