கடற்கரையைக் கேட்டுச் செய்த படகு



மழைநீர் வடிகால் எங்கே போடுவது, எப்படிப் போடுவது என்று வரும் பொதுக்குழுவில் முடிவெடுக்கப் போகிறோம். அதற்கு முன் ஒரு பழைய கதையைப் படித்துவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கட்டுரை. கதை நடந்த இடம் தூரத்தில் இல்லை. நாகர்கோவிலிலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் முட்டம். ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தில் நீங்கள் பார்த்த அதே பாறைகள், அதே கடல்.

‘டிசைன் திங்கிங்’ என்ற சொல்லை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வழியாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போது பல கம்பெனிகளில் இதற்குப் பயிற்சி வகுப்பே நடக்கிறது. வடிவமைப்புச் சிந்தனை என்று தமிழில் சொல்லலாம். ஐந்து படிகள் என்று பாடம் நடத்துவார்கள். பயன்படுத்தப் போகிறவரின் இடத்தில் நின்று பார்ப்பது, உண்மையான பிரச்சினை எது என்று தெளிவாக எழுதிக்கொள்வது, ஒன்றுக்குப் பல வழிகளை யோசிப்பது, குறைந்த செலவில் ஒரு மாதிரி செய்வது, அதைக் கொடுத்துப் பார்த்துத் திருத்துவது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வழியாக இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது.

நம் நாட்டுக்கு இந்த எண்ணம் முன்பே வந்துவிட்டது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியர் 1958-ல் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருள்களில் மிக அழகானது என்று அவர்கள் சொன்னது அரண்மனையையோ கோயிலையோ அல்ல; நாம் தண்ணீர் எடுக்கும் சொம்பை. தனி ஒரு மனிதர் உட்கார்ந்து சொம்பை உருவாக்கவில்லை. இடுப்பில் வைக்க, தலையில் சுமக்க, சரித்து ஊற்ற, உள்ளே கைவிட்டுக் கழுவ என்று பல தலைமுறைகள் புழங்கிப் புழங்கித் திருத்திய வடிவம் அது. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது.

சொம்பைப் போன்ற ஒன்று நம் கடற்கரையிலும் உண்டு. அதுதான் கட்டுமரம்.

முட்டத்திலும் குளச்சலிலும் ஆனி, ஆடி மாதங்களில் கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கரையடியில் அலை மதில் மாதிரி எழுந்து விழும். பழைய நாளில் ஒதுங்கத் துறைமுகமும் கிடையாது. அந்த அலையைத் தாண்டித்தான் போக வேண்டும், அதைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். பலகை வள்ளம் என்றால் உள்ளே தண்ணீர் நிறைந்துவிடும். கட்டுமரத்துக்கு ‘உள்ளே’ என்பதே இல்லை. லேசான மரத்தடிகளைச் சேர்த்துக் கட்டியது. மேலே ஏறும் தண்ணீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது; புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, தடிகளைத் தனித்தனியாகச் சுமந்து மணலில் காயப் போடலாம். ஆங்கிலேயர் இதைப் பார்த்து ‘கட்டமரான்’ என்று பெயரையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்படிப்பட்ட ஒன்றை மாற்ற வேண்டிய அவசியம் என்ன? மரம் கிடைக்கவில்லை. 1970-களில் மலையில் அந்த லேசான மரங்கள் அருகி, விலை ஏறிக்கொண்டே போனது. அதே காலத்தில் இறால் ஏற்றுமதிக்காக விசைப்படகுகள் பெருகிக் கரையோர மீனையும் இழுத்துக்கொண்டு போயின. கட்டுமரக்காரர் இன்னும் தூரம் போக வேண்டும்; போவதற்கான மரமோ கைக்கு எட்டவில்லை. இரண்டு தரப்புக்கும் கடலில் மோதல் நடந்தது. 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகுகளுக்குத் தடை விதித்தது. ஆனால், சட்டம் படகு கட்டித் தராதே.

விசைப்படகு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி கொல்லத்துக்கு அருகே நீண்டகரை, சக்திகுளங்கரா பகுதியில் மீன்பிடித் தொழிலை மேம்படுத்தும் திட்டம் தொடங்கியது. அப்போது நம் மாவட்டமும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். சிறு மீனவர் வாழ்க்கையை உயர்த்துவதுதான் நோக்கம். நல்ல நோக்கம், பெரிய செலவு, திறமையான நிபுணர்கள், எதற்கும் குறைவில்லை. ஆனால் இயந்திரப் படகை நிறுத்தத் துறைமுகம் வேண்டும். வாங்க முதல் வேண்டும். இரண்டும் இல்லாத திறந்த கடற்கரை மீனவருக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. பின்னால் இறாலுக்கு விலை ஏறியபோது, முதல் வைத்திருந்தவர்கள் கைக்குத் தொழில் போனது. யாருக்காகத் தொடங்கினார்களோ, அவர்களுக்கே அது போட்டியாக வந்து நின்றது.

இந்த இடத்தில்தான் முட்டம் வருகிறது. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி பியர் ஜில்லே. படகு கட்டும் பொறியியல் தெரிந்தவர். கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவை அமைப்பும் மீனவர் சங்கங்களும் அப்போது இங்கே வேலை செய்துகொண்டிருந்தன. அவர்களோடு சேர்ந்து, நாகர்கோவிலில் இயங்கிய பொருத்தமான தொழில்நுட்ப மையம் வழியாக, கட்டுமரத்துக்கு மாற்று தேடும் வேலையில் அவர் இறங்கினார்.

‘நவீன படகு எப்படி இருக்க வேண்டும்?’ என்று கேட்டிருந்தால் இன்னொரு விசைப்படகுதான் வந்திருக்கும். கேள்வி வேறு: ‘கட்டுமரம் செய்யும் எந்த வேலையை விட்டுக்கொடுக்கவே முடியாது?’ அதற்குக் கடற்கரையிடம் பதில் இருந்தது. கரையலையைத் தாண்ட வேண்டும். மூழ்கக் கூடாது. சிலர் சேர்ந்தால் மணலில் ஏற்றும் கனம்தான் இருக்க வேண்டும். பழுதானால் ஊரிலேயே சரிசெய்ய முடிய வேண்டும். ஒரு சாதாரணக் குடும்பம் கடன் வாங்கியாவது வாங்கக்கூடிய விலையில் இருக்க வேண்டும்.

கிடைத்த விடை, கடல்நீர் தாங்கும் பிளைவுட். தாளை வெட்டி உருவம் செய்வது போலப் பலகைகளை வெட்டி, விளிம்புகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின்மேல் கண்ணாடி இழையும் பிசினும் பூசி ஒட்டும் முறை. தைத்து ஒட்டுவதற்குப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை. ஒரு கொட்டகையும் பழகிய கைகளும் போதும். மூழ்காமல் இருக்க மிதவைப் பொருளை உள்ளே அடைத்து மேல்தளம் போட்டார்கள். கட்டுமரத்தின் குணம் அப்படியே பிளைவுட்டுக்கு மாறியது.

முதல் முயற்சியிலேயே எல்லாம் கூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஜில்லே 1985-ல் வெளியிட்ட புத்தகத்தின் பெயரே ‘சிறியது கடினம்’ என்று பொருள்படும். ஷூமாக்கர் 1973-ல் எழுதிய ‘சிறியதே அழகு’ என்ற பொருள்கொண்ட புத்தகம் அப்போது உலகெங்கும் பேசப்பட்டது. சிறியது அழகாக இருக்கலாம், அதைக் கரைசேர்ப்பது எவ்வளவு சிரமம் என்று இவர் அனுபவத்திலிருந்து எழுதினார். ஒரு கடற்கரைக்குப் பொருந்திய வடிவம் இன்னொரு கடற்கரைக்குப் பொருந்தவில்லை. அலை வேறு, வலை வேறு, ஏறிப் போகும் ஆள் எண்ணிக்கை வேறு. ஆகவே ஒரே படகு என்பதை விட்டுவிட்டு, ஊருக்குத் தக்கபடி பல வடிவங்கள் செய்தார்கள். 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சிஃப்ஸ் என்று நம் மக்கள் சொல்வது, முட்டத்திலும் மற்ற ஊர்களிலும் படகுத் தளங்கள் நடத்தியது. தளம் கடற்கரையிலேயே இருந்ததால், படகில் ஒரு குறை என்றால் அதைச் செய்தவரிடமே போய்ச் சொல்லலாம். அடுத்த படகில் அது திருந்தி வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். படகு மட்டும் நன்றாக இருந்தால் போதாது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் படகு எடுத்தால், பிடிக்கும் மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். சங்கங்கள் மீன் ஏலத்தைத் தாங்களே நடத்தி, விற்ற பணத்தில் ஒரு பங்கைக் கடனுக்கும் ஒரு பங்கைச் சேமிப்புக்கும் பிடித்தன. மீன் கிடைத்த நாளில் கட்டலாம், கிடைக்காத நாளில் கட்ட வேண்டாம். இதுவும் வடிவமைப்புதான், மரமும் பிசினும் இல்லாத வடிவமைப்பு.

நல்லதை மட்டும் சொல்லி முடித்தால் அது வரலாறாகாது. பிளைவுட் படகோடு வெளிப்பொருத்து இயந்திரமும் வந்தது. காற்றுக்கும் துடுப்புக்கும் காசு கிடையாது, மண்ணெண்ணெய்க்கு உண்டு. செலவு ஏற, அதை ஈடுகட்ட இன்னும் தூரம் போக வேண்டியதாயிற்று. வசதியான துறைகளில் படகுகள் குவிந்தன. தங்கள் ஊர்க் கரையிலேயே மீன் எடுத்துத் தலைச்சுமையாக விற்ற பெண்கள் பலர் பெரிய வியாபாரிகளோடு போட்டி போட நேர்ந்தது. படகில் ஏறுகிறவரைக் கேட்டாயிற்று. கரையில் கூடையோடு காத்திருப்பவரை அதே அளவுக்குக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

2017 நவம்பர் 30 நமக்கு மறக்காது. ஒக்கிப் புயலில் நம் மாவட்டத்தின் தூத்தூர் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. அவர்கள் போனது பெரிய படகுகளில். எச்சரிக்கை வெளியானபோது அவர்களில் பலர் கைப்பேசிக்கும் சாதாரண வயர்லெஸ்ஸுக்கும் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். படகு தூரம் போகக் கற்றுக்கொண்டது. செய்தி அவ்வளவு தூரம் போகக் கற்றுக்கொள்ளவில்லை. அதன் பிறகுதான் நாவிக் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் பேச்சுக்கு வந்து, மீனவர் கைக்கும் வரத் தொடங்கின. கேட்க வேண்டிய கேள்வியைக் காலம் கடந்து கேட்டால், அதற்கு விலை கொடுப்பது கேட்காதவர் அல்ல.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். பூங்காவில் நாம் போட்ட சிமெண்டு பெஞ்சுகளை நினைத்துப் பாருங்கள். தீர்மானம் போட்டோம், பணம் பிரித்தோம், அழகாகத்தான் கட்டினோம். மாலை நான்கு மணிக்கு அதில் உட்கார்ந்தால் மேற்கு வெயில் முகத்தில் அடிக்கிறது. பெரியவர்கள் இன்றும் பழையபடி கலுங்கின் மேல்தான் உட்கார்ந்து பேசுகிறார்கள். அங்கே வேப்பமர நிழல் உண்டு, போகிற வருகிறவர்களைப் பார்க்கலாம், டீக்கடையும் பக்கத்தில். ‘எங்கே உட்காருவீர்கள், ஏன்?’ என்று ஒருநாள் போய்க் கேட்டிருந்தால் அந்தக் கலுங்கின் பக்கத்திலேயே ஒரு சாய்வுப் பலகை போட்டிருப்போம். குற்றம் யாருடையதும் அல்ல; தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட நம் எல்லோருடையதும்தான். என் கையெழுத்தும் அதில் உண்டு.

பெஞ்சில் தவறினால் யாருக்கும் நஷ்டம் பெரிதில்லை. வடிகால் அப்படியல்ல. நமக்கு இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மேல்தெருத் தண்ணீரை வேகமாக இறக்கிவிட்டால், அது போய் நிற்பது கீழ்த்தெருவில் கடைசி நான்கு வீடுகளின் அடுப்படியில். கூட்டத்தில் அதிகம் பேசாதவர்களும் அவர்கள்தான்.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். பொதுக்குழுவுக்கு முன் பெய்யும் ஒரு மழையில் குடை பிடித்துக்கொண்டு நாம் சிலர் கடைசி வீடு வரை நடப்போம். தண்ணீர் எங்கே திரும்புகிறது, எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். அந்த வீட்டுக்காரர்களையும், விடியற்காலையில் அந்தத் தண்ணீரை மிதித்து வரும் பால்காரரையும், வீட்டு வேலைக்கு வரும் பெண்களையும் கேட்போம். முதலில் மண்ணில் ஒரு சால் வெட்டி, மணல்மூட்டை அடுக்கி ஒரு மழைக்குப் பார்ப்போம். சரியாக வந்தால் பிறகு சிமெண்டு கலக்கலாம்.

மண்வெட்டி என் வீட்டில் இருக்கிறது. மழை வரும்போது நீங்களும் வாருங்கள்.