கிருமிகொல்லி மருந்துகளின் அளவும் மருந்தாளர் பணியும்

1941ஆம் ஆண்டு மாசி மாதம் 12ஆம் நாள், ஒக்ஸ்போட் நகரின் றாட்கிளிவ் வைத்தியசாலையிலே, முகத்திலும் கண்ணிலும் கிருமித் தொற்றுப் பரவிக் கிடந்த அல்பேட் அலெக்சாந்தர் என்னும் பொலிசு உத்தியோகத்தருக்குப் பெனிசிலின் ஏற்றப்பட்டது. முதலில் 200 மில்லிகிராம். பின்னர் மூன்று மணிக்கொரு தடவை மேலும் ஏற்றினர். கொடுத்தல் வேண்டிய அளவு யாதென அன்று திட்டமாக அறிந்தார் எவருமிலர். காய்ச்சல் தணிந்தது, நோயாளி உணவும் உட்கொள்ளலானார். மருந்தோ ஐந்து நாளில் தீர்ந்தது. அவரது சிறுநீரிலிருந்தே பெனிசிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினர், அதுவும் போதவில்லை. பங்குனி 15இல் அவர் உயிர் நீத்தார்.

நோயை வெல்லவல்ல மருந்து கிடைத்தும், அளவு குன்றியமையால் உயிர் போயிற்று. பெனிசிலினைச் சிறுநீரகம் விரைந்து வெளியேற்றிவிடும். ஆதலின், அது குருதியில் எவ்வளவு நேரம் போதிய செறிவில் நிற்கின்றது என்பதே முதன்மையானதென அமெரிக்கரான ஹரி ஈகிள் பின்னர் விலங்குகளில் ஆராய்ந்து காட்டினார். பிளெமிங்கும் 1945இல் நோபல் பரிசுச் சொற்பொழிவிலே, குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாது எதிர்த்து நிற்கப் பழக்கிவிடும் என எச்சரித்திருந்தார். அவ்வெச்சரிக்கையை உலகம் பெரிதும் பொருட்படுத்தவில்லை என்றே கூறல் வேண்டும்.

குறைந்தால் நோய் தீராது. மிகுந்தால் உறுப்புக் கெடும். இவ்விடர்ப்பாடு ஜென்ராமைசின் போன்ற மருந்துகளிற் கடுமையாயிற்று. அவை சிறுநீரகத்தையும் செவியையும் தாக்குவன. நாளொன்றுக்கு மூன்று முறை சிறிது சிறிதாகக் கொடுத்தலே நெடுங்கால வழக்கம். ஆயின் இம்மருந்தின் இயல்பு பெனிசிலினின் இயல்பன்று. செறிவு ஒருமுறை உயர்ந்தெழுந்தாற் கிருமி மாளும். பின்னர் செறிவு தாழ்ந்திருத்தல் சிறுநீரகத்துக்கு ஆறுதலாகும்.

அமெரிக்காவின் ஹாட்போட் வைத்தியசாலையில் மருந்தியல் வல்லுநரான நிக்கொலோ, நைற்றிங்கேல் ஆகியோரும் தொற்றுநோய் வைத்தியரான குயின்ரிலியானியும் பிறரும் இவ்வியல்பையே ஆதாரமாகக் கொண்டு முறையொன்றை வகுத்தனர். உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 7 மில்லிகிராம் வீதம் ஒரே தடவையிற் கொடுப்பர். 6 முதல் 14 மணி நேரத்துள் ஒருமுறை குருதி எடுத்துச் செறிவை அளப்பர். அடுத்த தடவை 24, 36, 48 மணி என்னும் இடைவெளிகளுள் எதன்பின் என்பதை வரைபொன்று காட்டும். 1995இல் 2,184 நோயாளரின் பெறுபேற்றை அவர்கள் வெளியிட்டனர். சிறுநீரகப் பாதிப்புற்றோர் 27 பேரே; அஃதாவது நூற்றுக்கு 1.2.

இவ்வரைபைக் கையாள்வதற்குப் பெரும்புலமை வேண்டியதில்லை. நாடோறும் நோயாளியின் சிறுநீரக நிலையை நோக்கிக் கணக்கிடும் பொறுமையுள்ள ஒருவர் வேண்டும். பல விடுதிகளை ஒருங்கே பார்க்கும் வைத்தியரிடம் அவ்வோய்வை எதிர்பார்த்தல் அரிது. சொன்னதை அளந்து கொடுப்பவர் என்றே நெடுங்காலம் கருதப்பட்ட மருந்தாளர் இதனாற் கட்டிலருகே வந்தார். 2007இல் அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தார் வெளியிட்ட வழிகாட்டி, கிருமிகொல்லிப் பயன்பாட்டை மேற்பார்வை செய்யும் குழுவில் தொற்றுநோய் வைத்தியரோடு, அத்துறையிற் பயின்ற மருந்தாளரையும் மூலவுறுப்பினராக வைத்தது.

அவர்தம் கணக்கும் மாறாத கணக்கன்று. வன்கோமைசினுக்குக் கடுந்தொற்றுகளில், அடுத்த தடவைக்கு முன் எஞ்சும் செறிவு லீற்றருக்கு 15 முதல் 20 மில்லிகிராமாக இருத்தல் நன்று என 2009இல் விதந்துரைத்தனர். அதனாற் சிறுநீரகங்கள் கெடுதல் கண்டு, 2020இல் அவ்விதியைக் கைவிட்டு, நாள் முழுதும் உடல் எதிர்கொள்ளும் மருந்தின் மொத்த அளவையே கணிக்குமாறு திருத்தினர்.